எடைக்குறைப்பு ஊசிக்கு முதல் சீட்டு: கோபியிலா, ஈரோட்டிலா, கோவையிலா, கைபேசியிலா?

எனக்கு வயது 44. உயரம் 158 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3, இரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. கோபிசெட்டிபாளையத்தில் குடியிருக்கிறேன். எடைக்குறைப்பு மருந்து எடுத்துக்கொள்வது என்று 2025 ஆனி மாதம் முடிவு செய்தபோது, எந்த மருந்து நல்லது என்று தேடுவதிலேயே என் நேரமெல்லாம் போயிற்று. யாரிடம் எழுதி வாங்குவது என்பதை நான் ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை. நான்கு இடங்களில் விசாரித்து முடித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. இந்த மருந்துகளைத் தொடங்கினால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவை ஏற்றலாமா, அதே அளவில் நிற்கலாமா, நிறுத்திவிடலாமா என்று ஒருவர் நம் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் சீட்டு என்பது ஒரு மருத்துவரோடு குறைந்தது ஆறு மாதத்துக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை யாரோடு செய்துகொள்ளலாம் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மருந்துகளைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அது இரண்டாவதாக வரும்.

அதற்கும் முன்னால், இந்த மருந்து நமக்கு உரியதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். எனக்கு அது 33.6. இந்தியர்களுக்கு 23 தொட்டால் அதிக எடை, 25 தொட்டால் உடற்பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் உள்ளே இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் கணக்குத்தான். செமாக்ளூடைடு, டிர்ஸெபடைடு போன்ற எடைக்குறைப்பு ஊசிகளின் உரிமக் குறிப்போ வேறு எல்லையை வைத்திருக்கிறது: 30 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 27க்குக் குறையாமல் இருந்து, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு என ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, 25இலும் 26இலும் நின்றுகொண்டு, மகள் கல்யாணத்துக்குள் ஆறு கிலோ குறைந்தாக வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு நேர்மையான மருத்துவர் யாரும் முதல் நாளிலேயே ஊசி எழுத மாட்டார். அதே வேளையில், எடை மிதமாக இருந்தும் வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்கள் தமக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடவும் முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில் உடற்பருமன் 28.6 சதவீதம் பேருக்கும், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கும் இருந்தது.

நான் முதலில் நாடியது கைபேசியைத்தான். காரணத்தை மறைப்பதற்கில்லை: எங்கள் ஊர் சிறியது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எடைக்காகப் போனேன் என்று தெரிந்தால் கடைவீதி முடிவதற்குள் நாலு பேர் கொள்ளு ரசம் வைக்கச் சொல்லித் தருவார்கள். கைபேசிச் செயலியில் அந்தக் கூச்சம் இல்லை. இரவு ஒன்பதரைக்குப் படிவத்தை நிரப்பினேன். காணொளி அழைப்பு என்றார்கள். படம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. ஏழு நிமிடம் பேசினோம். உயரம், எடை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா, கர்ப்பமாக இருக்கிறேனா என்று கேட்டார். படிவத்தில் தைராய்டு பிரச்சினை உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று போட்டிருந்தேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பேசி முடித்த கால் மணி நேரத்தில் சீட்டு வந்தது, அதன் கீழேயே மருந்தை வாங்குவதற்கான பொத்தானும் இருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவு எதையும் அவர்கள் கேட்கவில்லை.

தொலைமருத்துவம் கூடாது என்பதல்ல என் கருத்து. 2020 மார்ச்சில் மத்திய அரசு அதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி பேசுகிறவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். சீட்டில் பதிவெண் இருக்க வேண்டும். முதல் ஆலோசனையைக் குரல் வழியாகவோ எழுத்து வழியாகவோ மட்டும் நடத்தினால் மிகச் சாதாரணமான மருந்துகளைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது. ஏற்கெனவே நேரில் பார்த்த மருத்துவரிடம் இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் காணொளியில் பேசுவது நல்ல ஏற்பாடு; அதைப் பின்னால் நானே பயன்படுத்திக்கொண்டேன். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், எடை மேடையில் ஏற்றாமல், நாம் சொல்லும் எடையையே எடையாக எடுத்துக்கொண்டு எழுதும் முதல் சீட்டுக்கு என்ன மதிப்பு என்று எனக்குப் புரியவில்லை. நான் 84 கிலோ என்பதற்குப் பதிலாக 94 என்று சொல்லியிருந்தாலும் அதே சீட்டுத்தான் வந்திருக்கும். அதை வைத்து நான் மருந்து வாங்கவில்லை.

அடுத்தது எங்கள் குடும்ப மருத்துவர். இருபது வருடமாக எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர்தான் பார்க்கிறார். என் இரண்டு பிரசவங்களின் விவரமும், அப்பாவின் பித்தப்பைக் கல்லும், என் மலச்சிக்கலும் அவருக்குத் தெரியும். கட்டணம் இருநூறு ரூபாய். விஷயத்தைச் சொன்னதும், "தாராளமாப் போட்டுக்கலாம் அம்மிணி, ஆனா நான் எழுதறது சரியா வராது" என்றார். இந்த ஊசிகளுக்கு ஒப்புதல் தந்தபோதே, பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர், நாளமில்லாச் சுரப்பி நிபுணர் போன்றோரின் சீட்டின் பேரில் விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைக்கப்பட்டது. எம்.பி.பி.எஸ். மருத்துவர் எழுதினாலும் கொடுத்துவிடும் கடைகள் இல்லாமல் இல்லை. அவர் அந்த வழிக்குப் போக விரும்பவில்லை. அதற்குப் பதிலாக அவர் செய்தது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். உடம்பு வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். உங்கள் குடும்ப மருத்துவரிடம் ஊசியைக் கேட்காதீர்கள், இந்த ஒரு பக்கத்தைக் கேளுங்கள். எந்தச் சிறப்பு மருத்துவரிடம் போனாலும் முதல் பத்து நிமிடம் மிச்சமாகும்.

கோவை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. பெரிய வியாதி என்றால் கோயமுத்தூர் என்பது அப்புச்சி காலத்திலிருந்து வரும் பழக்கம். நாளமில்லாச் சுரப்பி நிபுணர்களும், உடற்பருமனுக்கென்றே தனிப்பிரிவு வைத்து உணவு ஆலோசகர், அறுவைச் சிகிச்சை நிபுணர் என எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் மருத்துவமனைகளும் அங்கேதான் இருக்கின்றன. கோபியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. கட்டணம் ஊரில் கொடுப்பதைப் போல நான்கைந்து மடங்கு. போக வர, காத்திருக்க என்று ஒரு நாள் முழுதும் போய்விடும். இவை ஒருமுறைக்குப் பெரிதல்ல. மாதம் ஒருமுறை என்று வரும்போதுதான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாம் மாதமே "இந்தத் தடவை போகாமல் அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு வந்துவிட்டால், நல்ல நிபுணரைப் பார்த்ததன் பயன் பாதியாகிவிடும்.

ஆனாலும் சிலர் கோவைக்குப் போகத்தான் வேண்டும். என் சின்னம்மா மகளுக்குச் சர்க்கரை நோய். இன்சுலினும் கிளிமிபிரைடு மாத்திரையும் எடுக்கிறாள். இந்த ஊசியை அவற்றின் மேல் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். ஊசியைத் தொடங்கும் நாளிலேயே மற்ற இரண்டின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். கண்ணின் விழித்திரையையும் முதலில் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை மிக வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை மேலும் மோசமாவதுண்டு. அவளுக்குக் கோவைதான் சரி என்று நானே அழைத்துப் போனேன். முப்பது வயதுக்குள் காரணமில்லாமல் எடை ஏறியவர்கள், மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் முகத்தில் முடியும் வளர்கிற பெண்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கும் அதையே சொல்வேன்.

இந்த ஒன்றும் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் கடைசியில் எடுத்தேன். ஈரோட்டில், பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, சர்க்கரை நோயாளிகளை அதிகம் பார்க்கும் ஒரு பெண் மருத்துவர். கோபியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். கட்டணம் ஐந்நூறு ரூபாய். குடும்ப மருத்துவர் எழுதித் தந்த பக்கத்தை வாசித்துவிட்டு, எடை மேடையில் ஏற்றினார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உங்க வீட்ல, சொந்தத்துல யாருக்காவது கழுத்துல ஆபரேஷன் ஆயிருக்குங்களா?"

"பெரியம்மாவுக்கு ஒரு கட்டி எடுத்தாங்க மேடம். பதினஞ்சு வருசம் இருக்கும்."

"என்ன கட்டின்னு தெரியுங்களா?"

தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் தைராய்டு என்றால் மாத்திரை சாப்பிடும் தைராய்டு மட்டும்தான். "எனக்குத் தைராய்டு இருக்குங்க" என்று சொல்கிற ஒவ்வொருவரும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் போடுகிறவர்கள். அது இந்த ஊசிக்குத் தடையே இல்லை. தடை வேறு: மெடுல்லரி என்ற அபூர்வமான தைராய்டுப் புற்றுநோய், நமக்கோ இரத்த உறவுகளுக்கோ வந்திருந்தால் இந்த ஊசிகளைத் தொடவே கூடாது. எலிகளில் அந்த வகைக் கட்டிகள் வந்ததால் வைக்கப்பட்ட எச்சரிக்கை அது. மனிதர்களில் உறுதியாகவில்லை என்றாலும், குடும்பத்தில் அந்த நோய் இருக்கிறவர்களிடம் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. செயலியின் படிவத்தில் நான் இல்லை என்று போட்டது பொய்யல்ல, ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதிலும் அல்ல. "அந்த பயாப்சி ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க, பார்த்துட்டு எழுதறேன்" என்று சொல்லி, மருத்துவர் அன்றைக்குச் சீட்டு எழுதவில்லை.

கவுந்தப்பாடியில் பெரியம்மா வீட்டுப் பீரோவின் அடித்தட்டில், பத்திரம், வரி ரசீது, ஜாதகம் எல்லாம் இருந்த மஞ்சப்பைக்குள் அந்த அறிக்கை இருந்தது. தாள் பழுத்து மடிப்பில் கிழிந்திருந்தது. படித்த வரையில், பல முடிச்சுகள் கொண்ட கழலை, புற்றுநோய் இல்லை என்று இருந்தது. அதைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. இதற்காகப் பத்து நாள் தாமதமாயிற்று. பத்து நாள் காக்க வைத்த அந்த மருத்துவரிடம்தான் சீட்டு வாங்க வேண்டும் என்று எனக்கு உறுதிப்பட்டதும் அதனால்தான்.

அரசு மருத்துவமனையை விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கான பரிசோதனையும் மாத்திரையும் அங்கே இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வருகின்றன. எடைக்குறைப்பு ஊசி அந்தத் திட்டத்தில் இல்லை. எனினும் முதல் கட்டப் பரிசோதனைகளை அங்கே செய்துகொண்டால் தனியாரில் கொடுக்கும் பணம் மிச்சமாகும்.

உடற்பயிற்சிக் கூடத்திலும், அழகு நிலையத்திலும், சீட்டில்லாமல் கடையிலும் வாங்குவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. எடைக்குறைப்புக்கென்று இந்தியாவில் விற்ற ரிமோனாபான்ட் 2009இலும் சிபுட்ராமின் 2011இலும் தடை செய்யப்பட்டன. முன்னது மனநிலையையும் பின்னது இதயத்தையும் பாதித்தது. மூலிகைப் பொடி என்று விற்கப்படுகிறவற்றில் இந்தச் சிபுட்ராமின் கலந்திருந்தது உலகம் முழுதும் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

இனி மருந்துகள். ஈரோட்டில் என் முன்னே வைக்கப்பட்டவை நான்கு.

பழையது ஆர்லிஸ்டாட் மாத்திரை. உணவோடு மூன்று வேளை 120 மி.கி. எடுத்தால், சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தைச் செரிக்கவிடாமல் வெளியே அனுப்பிவிடும். ஊசி வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் ஓராண்டில் சுமார் 3 கிலோதான் கூடுதலாகக் குறைகிறது. தேங்காயும் கடலெண்ணெயும் தாராளமாக விடும் கொங்குச் சமையலில் இதைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனால், திரும்பி வருவதற்குள் உள்ளாடை எண்ணெயாகிவிடும் என்று மருத்துவரே நேராகச் சொன்னார். ஏ, டி, ஈ, கே விட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்து போய்விடும் என்பதால் இரவில் தனியாக விட்டமின் எடுக்க வேண்டும்.

அடுத்தது லிராகுளூடைடு, தினமும் ஊசி. ஓராண்டுக்கு மேல் நடந்த பெரிய ஆய்வில் சராசரியாக உடல் எடையில் 8 சதவீதம் குறைந்தது. வாரம் ஒருமுறை ஊசிகள் வந்துவிட்ட பிறகு, தினம் குத்திக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் குறைவு.

மற்ற இரண்டும்தான் இன்று எல்லோரும் பேசும் ஊசிகள். செமாக்ளூடைடு, குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்து, வயிறு நிறைந்த உணர்வை நீட்டிக்கிறது, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. டிர்ஸெபடைடு அதோடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. செமாக்ளூடைடு 2.4 மி.கி. அளவில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. டிர்ஸெபடைடு 72 வாரங்களில் 5 மி.கி. அளவில் 15 சதவீதமும், 15 மி.கி. அளவில் 20.9 சதவீதமும் குறைத்தது. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி 2025இல் வெளியான ஆய்வில் டிர்ஸெபடைடு 20.2, செமாக்ளூடைடு 13.7 என்று முடிந்தது. எண்ணிக்கையில் டிர்ஸெபடைடு முந்துகிறது. என் 84 கிலோவில் 15 சதவீதம் என்றால் பன்னிரண்டரைக் கிலோ. எனக்கு அது போதும்.

செமாக்ளூடைடு மாத்திரையாகவும் 2022 முதல் இங்கே கிடைக்கிறது. ஆனால் அது சர்க்கரை நோய்க்கு உரிமம் பெற்றது. காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நடக்காது.

விலை. டிர்ஸெபடைடு 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் குப்பியாக இங்கே வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் முதல் மாதம் 14,000, அடுத்த மாதத்திலிருந்து 17,500. அந்த விலையில் 5 மி.கி.யோடு நின்று 72 வாரம் போட்டால் மூன்று லட்சத்து பதினோராயிரத்துச் சொச்சம் ஆகும். செமாக்ளூடைடு 2025 ஜூனில் வெகோவி என்ற பேனாவாக வந்தது. தொடக்க அளவுக்கு மாதம் 17,345 ரூபாய் என்றிருந்ததை அதே ஆண்டு நவம்பரில் 10,850க்கு இறக்கினார்கள். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு உள்நாட்டு நிறுவனங்கள் அதைத் தயாரித்து விற்கத் தடையில்லை. ஆகவே இந்தக் கணக்கை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளாமல், சீட்டு வாங்கும் வாரத்தில் கடையில் கேட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பணம்தான் முதல் தடை என்றால் செமாக்ளூடைடின் பக்கமே காற்று வீசுகிறது. மருத்துவமனையில் சேராமல் வாங்கும் மருந்துக்கு வழக்கமான மருத்துவக் காப்பீடு எதுவும் தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. செமாக்ளூடைடை நிறுத்தியவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஆறு மாதம் மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் அந்தப் பணத்தில் வேறு எதையாவது செய்வது மேல். எத்தனை காலம் போட முடியும் என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும். என் வீட்டுக்காரரிடம் இதை நான் ஊசியின் பெயரைச் சொல்வதற்கு முன்பே பேசினேன்.

கொள்ளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது எனக்கும் தெரியும். கொள்ளுப் பருப்பு எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் உண்டு. அதனால் எனக்கு எடை குறையவில்லை. ஆனால் ஊசி தொடங்கிய பிறகு அதே கொள்ளு வேறு வகையில் பயன்பட்டது. பசி அடங்கிவிடுவதால் சாப்பாடு பாதியாகிவிடும். அப்போது புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். சோற்றை முதலில் வைத்துக்கொண்டால் மற்றதற்கு வயிற்றில் இடமிருக்காது. ஆகவே முட்டை, கொள்ளு, தயிர் முதலில், அரிசிம்பருப்புச் சாதம் கடைசியில் என்று மருத்துவர் வரிசையை மாற்றினார்.

மருந்தை வைத்துக்கொள்வது இந்த வட்டாரத்தில் தனிச் சிக்கல். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். டிர்ஸெபடைடு குப்பி வெளியே இருந்தால் 30 டிகிரிக்கு மிகாமல் 21 நாள் தாங்கும் என்கிறார்கள். சித்திரையில் ஈரோட்டிலும் கரூரிலும் வெயில் நாற்பதைத் தாண்டும்போது அந்த முப்பது எங்கே கிடைக்கும்? மாதம் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும். அன்று கடையின் குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்ட மூன்று கடைகளில் ஒன்றுதான் தயங்காமல் குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த வெப்பமானியைக் காட்டியது. கூரியரில் வரும் மருந்தில் அந்த வசதி இல்லை. உறைய வைக்கும் தட்டில் வைத்து உறைந்துவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

பேனாவில் அளவு தானாக அமைந்துவிடும். குப்பியில் நாமே சிரிஞ்சில் எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை: சிவப்பு மூடி போட்டது ஒரு மி.லி.க்கு 40 கோடு, ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மி.லி.க்கு 100 கோடு. குப்பியில் இருப்பது அரை மி.லி.; சிவப்பில் அது 20ஆம் கோடு, ஆரஞ்சில் 50ஆம் கோடு. ஈரோட்டுச் செவிலியர் இரண்டு சிரிஞ்சையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தண்ணீர் எடுத்துக் காட்டி, "கோட்டை நம்பாதீங்க அக்கா, மூடியைப் பார்த்துட்டுக் கோட்டைப் பாருங்க" என்றார். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, தோலைச் சேர்த்துப் பிடித்து, என்னையே குத்திக்கொள்ளச் சொன்னார். குத்தியது தெரியவே இல்லை.

சீட்டு எழுதும் நாளில் மருத்துவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டியவை சில. கணைய வீக்கம், பித்தப்பைக் கல் இருந்ததா. கர்ப்பத் திட்டம் உண்டா (செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்). கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறோமா (டிர்ஸெபடைடு தொடங்கும்போதும் அளவு ஏற்றும்போதும் நான்கு வாரம் அந்த மாத்திரையை மட்டும் நம்ப முடியாது). மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சை ஏதேனும் நிச்சயித்திருக்கிறோமா. நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இரவில் வயிற்று வலி வந்து அது முதுகுக்குப் பரவினால் யாரைக் கூப்பிடுவது? செயலியில் இதற்குக் கிடைத்த பதில் வாடிக்கையாளர் சேவை எண். கோவையில் அவசரப் பிரிவின் எண். ஈரோட்டு மருத்துவர் தம் எண்ணைத் தந்து, அதோடு கோபியிலேயே இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை ஒன்றின் பெயரையும் சீட்டின் மூலையில் எழுதினார்.

ஆவணியில் டிர்ஸெபடைடு 2.5 மி.கி. தொடங்கினேன். முதல் மூன்று வாரம் லேசான குமட்டலோடு போயிற்று. நான்காவது வாரம் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் ஒப்புட்டு இரண்டு சாப்பிட்டுவிட்டு, அன்றிரவு மூன்று முறை வாந்தி. அதற்குப் பிறகு நான்கு நாள் மலம் கழியவில்லை. ஐந்தாவது வாரத் திங்கட்கிழமை காலை, நான் வாங்காமல் விட்ட செயலியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: உங்கள் அடுத்த அளவு 5 மி.கி. தயாராக இருக்கிறது, இப்போதே வாங்குங்கள். அன்று மாலை காணொளியில் ஈரோட்டு மருத்துவரோடு பேசினேன். நாக்கை நீட்டச் சொன்னார், எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன் என்று கேட்டார், எடை மேடையைக் கேமராவுக்கு நேரே காட்டச் சொன்னார்; 81.2. பிறகு எழுதி அனுப்பிய சீட்டில் அளவு மாறவில்லை: 2.5 மி.கி., இன்னும் நான்கு வாரம். அதன் கீழே, இரவில் இசப்கோல் ஒரு கரண்டி, தண்ணீர் இரண்டரை லிட்டர், ஒப்புட்டு அரை.